வேட்பாளரிட்ட ஒப்பந்தத்தைப் பற்றிக் கேளுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

எலெக்ஷன் எண்டா இஞ்ச கனடாவில, ஸ்காபரோவில எங்கட மண்டபங்களுக்கு வாற வேட்பாளர்மார் மைக்கைப் பிடிச்ச உடன இது பூர்வகுடிகளின்ர நிலம் எண்டு ரெண்டு வரி வாசிச்சுப்போட்டுத்தான் எங்களுக்கு வணக்கமே சொல்லுகினம், நல்ல விசயம்தான், ஆனா அதுக்குப் பிறகு அந்த நிலத்துக்காகப் பூர்வகுடிகளோட அரசு செய்த ஒப்பந்தத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. முன்னாள் பிரதமர் ட்ரூடோ 2015இல ரிசேர்வ்களில, அதான் பூர்வகுடிகளுக்கு ஒதுக்கின இடங்களில, குடிதண்ணிப் பிரச்சினையை அஞ்சு வருசத்தில முடிப்பன் எண்டவர், அவர் 2025இல பதவியை விட்டுப் போகேக்கையும் வட ஒன்ராறியோவில நெஸ்கன்ராகா எண்ட பூர்வகுடி ஊர்ச் சனம் 1995இல இருந்த மாதிரியே குழாய்த் தண்ணியைக் கொதிக்க வைச்சுத்தான் குடிச்சவை. அந்தப் பக்கம்தான் ரிங் ஒஃப் ஃபயர் எண்ட கனிமப் பகுதியில சுரங்கமும் வரப்போகுது, அது 1905இல பூர்வகுடிகளோட கைச்சாத்திட்ட 9ஆம் இலக்க ஒப்பந்த நிலம், 2025 ஜூனில மாகாண அரசு சுரங்கம் மாதிரித் திட்டங்களுக்கு விதிகளைத் தளர்த்திற பில் 5 எண்ட சட்டத்தை அவசரமா நிறைவேற்றேக்க எங்களை ஒழுங்காக் கேக்கேல்லை எண்டு பூர்வகுடித் தலைவர்மார் எதிர்த்தவை.

அடுத்த முறை வோட்டுக் கேட்டு வாறவையிட்ட ஒண்டைக் கேளுங்கோ, அந்தச் சனம் வேண்டாம் எண்டு சொன்னா நீங்கள் சுரங்கத்தை நிப்பாட்டுவியளோ எண்டு. இலங்கையில தமிழருக்கு அதிகாரம் பகிரச் செய்த பண்டா-செல்வா ஒப்பந்தத்தை 1958இல அரசு கைவிட்டது தெரிஞ்ச நாங்களே கேக்காட்டி வேற ஆர் கேக்கிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஸ்காபரோ