டெஃப்லானுக்குப் பதில் சிலிகான் ட்யூப் அனுப்பியது குறித்துப் புகார்

ராணிப்பேட்டை

பெறுநர்: விற்பனை மேலாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன், உள்ளே இருக்கும் காற்றைச் சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. தொட்டிக் காற்றை மேலே இழுக்க, பம்ப் வைத்த கேஸ் மீட்டரில் மாட்டுவதற்கு 6 மீட்டர் டெஃப்லான் ட்யூப் கேட்டிருந்தோம். பில்லிலும் டெஃப்லான் என்றுதான் போட்டிருக்கிறீர்கள். பார்சலில் வந்ததோ தொளதொளவென்று வளையும் சிலிகான் ட்யூப். போன் செய்து கேட்டால், "இதுவும் எல்லா கேஸுக்கும் ஓடும் சார், வளைக்கச் சுலபம்" என்கிறார் உங்கள் ஆள்.

ஓடாது. மீட்டரைச் சரிபார்க்க வைத்திருக்கும் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) ஹைட்ரஜன் சல்பைடு விஷ வாயு சிலிண்டரை மீட்டருக்கு நேராகக் கொடுத்தால் 25 காட்டுகிறது. நடுவில் உங்கள் ட்யூபை மாட்டினால் எண் மெதுவாக ஏறி, 25-ஐத் தொடாமலே நின்றுவிடுகிறது. ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் இடத்தில், பசையிலிருந்து வரும் டொலுயீன் ஆவியை அளந்தபோது இன்னும் மோசம். வெளியே வந்து நல்ல காற்றை இழுக்க விட்டும் மீட்டர் பூஜ்யத்துக்கு வரவில்லை. ட்யூபைக் கழற்றியதும் வந்துவிட்டது. சிலிகான் அந்த ஆவியைக் குடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்குகிறது. டெஃப்லானில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதனால்தான் பெயர் சொல்லிக் கேட்டோம்.

இங்கே தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தத் தண்ணீரில், பதனிடும் முன் தோலை ஊறவைக்கும் பிக்கிள் ஆசிட் தண்ணீர் கலந்தால் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். 100 பிபிஎம்மைத் தாண்டினால் அழுகிய முட்டை நாற்றம்கூட மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். மீட்டரை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வைத்த வரம்பு 8 மணி நேரச் சராசரிக்கு 10 பிபிஎம்தான். 14 இருக்கும் தொட்டியில் மீட்டர் 9 காட்டினால், இறங்கலாம் என்று நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இறங்குபவர் தினக்கூலிக்கு வந்தவர்.

ஆகவே பில்லில் உள்ளபடி டெஃப்லான் ட்யூபை உங்கள் செலவில் உடனே அனுப்புங்கள். அது விறைப்பாக இருக்கும் என்பது தெரியும். இணைப்பில் மட்டும் விரல் நீளத்துக்கு மென்மையான ட்யூப் போட்டுச் சமாளித்துக்கொள்வோம். இதே சரக்கை வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். லேபிளில் உள்ள 'எல்லா வாயுக்களுக்கும் ஏற்றது' என்ற வரியை எடுத்துவிடுங்கள். புது ட்யூப் வரும்வரை எந்தத் தொட்டிக்கும் அனுமதிச் சீட்டு தருவதாக இல்லை. அந்த நாட்களின் நஷ்டத்தையும் உங்களிடம்தான் கேட்போம்.

பில் நகலும் ட்யூபின் ஒரு துண்டும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
பாதுகாப்பு அலுவலர்