வரி உதவி மையத்தில் பேசிய தங்கைக்கு நன்றி

மார்த்தாண்டத்தில் இருந்து அம்மாவுக்காகப் போன் செய்தது நான்தான் தங்கச்சி. அப்பா ரப்பர் வெட்டிச் சேர்த்த பணத்தை அம்மா பேரில் டெபாசிட் போட்டிருந்தோம், அதன் வட்டியில் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்று பேங்கிலேயே முன்கூட்டி வரியாகப் பிடித்துவிட்டார்கள். வரி கட்டும் அளவுக்கு அம்மாவுக்கு வருமானமே கிடையாது. வருமான வரி ரிட்டர்ன் போட்டும், பிடித்த பணம் ரீஃபண்டாகத் திரும்பி வரவில்லை, எங்கே கேட்டாலும் சரியான பதில் இல்லை.

பாஸ்புக்கில் பேர் எப்படி இருக்கிறது, பான் கார்டில் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கச் சொன்னீர்கள். பாஸ்புக்கில் வெறும் இனிஷியல், பான் கார்டில் தாத்தாவின் முழுப்பேர். நம்ம பக்கம் பாதிப் பேருக்கு இப்படித்தானே இருக்கும்! அதனால்தான் அம்மாவின் பேங்க் கணக்கு வேலிடேட் ஆகாமல், அதாவது சரிபார்ப்பில் தேறாமல், பணம் திரும்பிப் போயிருக்கிறது. பேங்கில் பேரைத் திருத்தி, அப்புறம் ரீஃபண்டை மறுபடி அனுப்பச் சொல்லி ரீஇஷ்யூ கேட்கச் சொன்னீர்கள்.

அதோடு நீங்கள் போனை வைத்திருக்கலாம். “அம்மாகிட்ட போனைக் கொடுங்க அக்கா” என்று கேட்டு, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத, 60 வயது தாண்டியவர்கள் வருடத் தொடக்கத்திலேயே பேங்கில் அதற்கான படிவம் கொடுத்தால் டிடிஎஸ் பிடிக்க மாட்டார்கள் என்று, அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து எழுதி முடிக்கும்வரை பொறுமையாகச் சொன்னீர்களே, அதை யார் செய்வார்கள்?

பணம் வந்துவிட்டது. “அந்தப் பிள்ளைக்குச் சொல்லணும்” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். இந்தப் பக்கம் வந்தால் கண்டிப்பாக வீட்டுக்கு வாங்க, உங்களுக்கென்று ஒரு குப்பி மார்த்தாண்டம் தேன் எடுத்து வைத்திருக்கிறார்.