கம்பைலரின் உள்ளே பார்க்க மாணவர்களை விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடியை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் பதினொரு ஆண்டுகளாகக் கம்பைலர் பாடம் நடத்தி வருகிறேன். நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மொழிபெயர்ப்பதே கம்பைலர். குடியாத்தத்திலிருந்தும் வாலாஜாபேட்டையிலிருந்தும் பஸ்ஸில் வந்து போகும் மாணவர்கள், கம்பைலரின் பகுதிகளை எழுத உதவும் லெக்ஸ், யாக் கருவிகளின் பயிற்சிகளை ரெக்கார்டு நோட்டில் எழுதித் தேறிவிடுகிறார்கள். ஆனால் அன்றாடம் பயன்படுத்தும் ஜி.சி.சி. என்ற கம்பைலர் தங்கள் நிரலை உள்ளே என்ன செய்கிறது என்பதை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட அந்தக் கம்பைலரின் மூல நிரல் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து மாணவர்களே கம்பைலரை உருவாக்கி, அது ஓடும்போது உள்ளே பார்ப்பதுதான் நான் சொல்லும் பயிற்சி. வழக்கப்படி பில்டு செய்தால், அதாவது மூல நிரலிலிருந்து உருவாக்கினால், கணினியில் ஏற்கெனவே உள்ள கம்பைலர் முதலாவதையும், முதலாவது இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் உருவாக்கி, கடைசி இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்கப்படும். படிப்பவர்களுக்கு இந்த மூன்று சுற்றும் வேண்டியதில்லை. பில்டுக்கான அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போதே (கான்ஃபிகர்) பூட்ஸ்ட்ராப் எனப்படும் இந்தச் சுற்றுகளை நிறுத்திவிட்டு, ஓடும் நிரலை மூல வரிகளோடு பொருத்திப் பார்க்க உதவும் டீபக் தகவலைச் சேர்த்து, நிரலை வேகமாக ஓடும்படி மாற்றியமைக்கும் ஆப்டிமைசேஷனை முழுவதும் அணைத்துவிட்டால் போதும். அணைக்காவிட்டால் வரிகளின் வரிசை மாறும், சிறிய ஃபங்ஷன்கள் பெரியவற்றுக்குள் கரையும், ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் ஜி.டி.பி. என்ற கருவியில் ஒரு வேரியபிளின் மதிப்பைக் கேட்டால் அது ஆப்டிமைசேஷனில் போய்விட்டது என்றே பதில் வரும்.

"அப்படியானால் இந்தக் கம்பைலர் நம் நிரலை ஆப்டிமைஸ் செய்யாதா, சார்?" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது கேட்கிறார். செய்யும். அது தன் வேலையை மெதுவாகச் செய்யுமே தவிர, நம் நிரலுக்கு அது தரும் விடை மாறாது. கம்பைலரும் இன்னொரு கம்பைலர் மொழிபெயர்த்த நிரல்தான் என்பது, இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் மாணவர்களுக்கு உறைக்கிறது. நான் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியும் உறைக்கவில்லை. ஜி.சி.சி. என்ற கட்டளை வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் மேஸ்திரி மட்டுமே, உண்மையான மொழிபெயர்ப்பு சி.சி.1 என்ற தனி நிரலில் நடக்கிறது என்பதையும், ஜி.டி.பி.யைத் தவறான இடத்தில் மாட்டிப் பார்த்தே கண்டுகொள்கிறார்கள்.

இதற்குப் புதிய கணினிகள் தேவையில்லை. சில ஜிபி வட்டு இடம் போதும். ஆனால் சென்ற பருவத்தில், மாலை நாலரைக்கு ஆய்வகத்தின் மெயின் சுவிட்சை அணைத்ததால் எங்கள் பில்டு இரண்டு முறை பாதியில் நின்றது. பாடத்திட்டக் குழுவினர் இந்தப் பயிற்சிக்கு மூன்று ஆய்வக வகுப்புகளை ஒதுக்க வேண்டும். கல்லூரி நிர்வாகங்கள் அந்த வாரத்திலாவது கணினிகளை இரவு முழுவதும் ஓட விட வேண்டும்.

இப்படிக்கு,
கணினித் துறை ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.