'சர்வர் கோளாறு' என்றால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'சர்வர் கோளாறு: பொதுமக்கள் அவதி' என்ற தலைப்பைத் தங்கள் நாளிதழில் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு சனிக்கிழமை நினைவுக்கு வரும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணினிப் பராமரிப்பு என் வேலை. அன்று வாரச் சம்பளம். கூலிப் பட்டியல் திறக்கவில்லை. ஜன்னலில் நின்றவர்களிடம் கேஷியர் சொன்னதும் அதே வார்த்தைதான்: "சர்வர் கோளாறு."

சர்வருக்கு ஒரு குறையும் இல்லை. முந்தைய இரவு பொதுக் கோப்புகளை வைத்திருக்கும் பழைய ஃபைல் சர்வரை நிறுத்தி, கோப்புகளை, இரண்டு இயந்திரங்கள் சேர்ந்து ஒரே சர்வர் போல வேலை செய்யும் விண்டோஸ் க்ளஸ்டருக்கு மாற்றியிருந்தேன். எல்லாக் கணினிகளிலும் பழைய பெயரே பதிந்திருந்ததால், அதைத் தேடினால் க்ளஸ்டருக்குப் போகும்படி, பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் ஒரு மாற்றுப்பெயர் எழுதிவைத்தேன். இயந்திரம் இணைப்பில் இருக்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைக்குப் பதில் வந்தது. க்ளஸ்டரின் சொந்தப் பெயரில் போனால் கோப்புறை திறந்தது. பழைய பெயரில் போனால் 'கணக்கின் பெயர் தவறு' என்றது.

டிஎன்எஸ் வழி காட்டுவதோடு சரி; வாசலில் செல்லுபடியாகும் சீட்டைத் தருவது, அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் என்ற முறை. கையிலிருக்கும் சீட்டுகளைக் காட்டும் 'கேலிஸ்ட்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், சீட்டு பழைய பெயருக்கு வாங்கப்பட்டிருந்தது. பழைய இயந்திரத்தை அணைத்த நான், கம்பெனிக் கணினிகளின் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் அதன் கணக்கை நீக்க மறந்திருந்தேன். பழைய பூட்டின் சாவியோடு புது வீட்டு வாசலில் நின்ற கதை. கணக்கை நீக்கி, சீட்டுகளையும் அழித்தேன். பிழைச் செய்தி மாறியது: இப்போது கோப்புறையே இல்லையாம்! விண்டோஸ் சர்வர் 2008 முதல், க்ளஸ்டர் தான் பகிரும் கோப்புறைகளைத் தனக்குரிய பெயரில் வருகிறவருக்கே காட்டும். பெயர்ச் சோதனையைத் தளர்த்த, விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் செய்யும் மாற்றம் ஒன்றை நண்பர் தொலைபேசியில் சொன்னார். தனி சர்வருக்கு அது கைகொடுக்கும், இங்கே பலிக்கவில்லை. கடைசியில் டிஎன்எஸ் மாற்றுப்பெயரை அழித்துவிட்டு, அதே பெயரைக் க்ளஸ்டருக்கே இன்னொரு பெயராகச் சேர்த்தேன். டிஎன்எஸ் முன்பு சொன்ன விடையைக் கணினிகள் ஒரு மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கும் என்பதால், கணக்குப் பிரிவில் மேசை மேசையாகப் போய் அதையும் அழித்தேன்.

பட்டியல் திறந்தபோது பிற்பகல் மூன்றரை. ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டியவர்கள் சர்வரைத்தான் வைதார்கள். என் பெயர் வெளியே வரவில்லை; கேஷியர் நல்ல மனிதர்.

தங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த அலுவலகமாவது 'சர்வர் கோளாறு' என்று சொன்னால், 'நேற்று எதை மாற்றினீர்கள்?' என்று கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
திருப்பூர்.