உன் கடாப்ரா ஏன் வளரவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது

அன்புள்ள கண்ணா,

போனில் பேசிய நாளிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். கையில் வைத்து ஆடுகிற அந்தப் பழைய கேம்பாய் ஒன்று கிடைத்தது, போக்கிமான் ப்ளூ ஆட்டத்தை வாங்கி மறுபடியும் ஆடுகிறேன், கடைசியில் சாம்பியனிடம் நாலு தடவை தோற்றுவிட்டேன் என்று சொன்னாய். அதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், போனில் சொல்ல வாய் வரவில்லை.

நீ விட்டுப்போன சிவப்பு கேட்ரிட்ஜ், அந்த போக்கிமான் ரெட், என்னிடம்தான் இருக்கிறது. போன வருடம் ஒருநாள் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். உன் பெயர் வரும், உன் நெருப்புப் போக்கிமான் சாரிசார்டு வரும் என்று காத்திருந்தேன். 'நியூ கேம்' மட்டும்தான் வந்தது, 'கன்டினியூ' இல்லை. உள்ளே நாணயம் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது, சேமித்த ஆட்டம் நிற்பதே அதை நம்பித்தான், அது தீர்ந்துவிட்டால் எல்லாமே போய்விடும் என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். உன் 81ஆம் லெவல் சாரிசார்டு போய்விட்டதடா. நீ வளர்த்த இன்னொரு போக்கிமான் கடாப்ராவும் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் எடுத்துப் பார்த்திருந்தால் காப்பாற்ற வழி கேட்டிருப்பேனே என்று பல நாள் மனசு அடித்துக்கொண்டது.

அப்புறம் பேட்டரியை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றி வாங்கினேன். அதை அப்படியே அலமாரியில் திருப்பி வைக்க மனம் வரவில்லை. 'நியூ கேம்' அழுத்தினேன்.

ஆரம்பத்தில் தேர்ந்தெடுக்கச் சொல்லும் போக்கிமானில் நான் எடுத்தது பல்பசார். நீ எடுத்தது சார்மாண்டர், அதனால் முதல் ஜிம்மிலேயே நீ பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. பியூட்டர் சிட்டியில் அந்த ஜிம்மின் தலைவன் ப்ராக்கிடம் தோற்றுத் தோற்றுக் கண் கலங்கி வந்து என்னிடம் காட்டினாய், நான் பார்க்கக்கூட இல்லை, இன்னும் எத்தனை நேரம் இதையே நோண்டுவாய் என்று கேட்டேன். இப்போது அதே இடத்தில் நின்று பார்த்தால் என்ன நடந்தது என்று புரிகிறது. அவனிடம் இருப்பது 12ஆம் லெவல் ஜியோடூட், 14ஆம் லெவல் ஓனிக்ஸ், இரண்டும் பாறையும் நிலமும் கலந்தவை. நெருப்பு பாறையிடம் பாதிதான் எடுபடும், நகத்தால் கீறினால் அதுவும் பாதிதான். ஆனால் அதற்கு முந்தைய காட்டிலேயே வழி இருந்தது கண்ணா. விரிடியன் காட்டில் பிடிக்கிற கேட்டர்பி 7இல் கூடாகி, 10இல் பட்டர்ஃப்ரீ ஆகும், 12இல் கன்ஃபியூஷன் என்ற சைக்கிக் தாக்குதலைக் கற்றுக்கொள்ளும். ஓனிக்ஸின் டிஃபென்ஸ் எவ்வளவு உயரமோ அதன் ஸ்பெஷல் என்கிற இன்னொரு எண் அவ்வளவு பள்ளம், கன்ஃபியூஷன் நேராக அந்தப் பள்ளத்தில்தான் இறங்கும். ப்ராக்கின் இரண்டு பேருக்குமே பாறைத் தாக்குதல் ஒன்றுகூடத் தெரியாது, அடிக்கத் தெரிந்தது டாக்கிளும், ஓனிக்ஸுக்குப் பைடும்தான், அதனால் பட்டர்ஃப்ரீ பயப்படவே வேண்டாம். அன்றைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டு பேருமாகக் கண்டுபிடித்திருப்போம்.

சரி, உன் ப்ளூவுக்கு வருகிறேன். இந்தத் தடவையும் சாரிசார்டுதான், 70 தாண்டிவிட்டது, மற்ற ஐந்தும் முப்பதுகளில் நிற்கின்றன என்றாய். நீ தோற்பது லெவல் போதாமல் இல்லை. சாம்பியனுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் நால்வரிடம் என்னென்ன இருக்கிறது என்று பார். லொரெலையின் ஐந்தில் நான்கு நீர் வகை. லான்ஸின் ஏரோடாக்டில் பாறை. அதெல்லாம் தாண்டி, மருந்து பாதி தீர்ந்து நீ போய் நிற்கும்போது, நீ சார்மாண்டரை எடுத்ததாலேயே உன் எதிராளியான சாம்பியன் கையில் 65ஆம் லெவல் பிளாஸ்டாய்ஸ் இருக்கிறது, கூடவே பாறையும் நிலமுமான ரைடான். நடுவில் குணப்படுத்திக்கொள்ள போக்கிமான் சென்டர் கிடையாது, தோற்றால் மறுபடி லொரெலையிடமிருந்துதான் ஆரம்பம். ஒருவனே ஐந்து சண்டையையும் இழுக்க வேண்டும் என்றால் எவ்வளவு வளர்த்தாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

லாப்ராஸைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன் என்றாயே, அதை முதலில் வெளியே எடு. சில்ஃப் கம்பெனியில் சும்மா கொடுக்கிறார்கள், 15ஆம் லெவலில் வருகிறது, அந்த நேரத்தில் நம்முடையவை எல்லாம் அதற்கு மேலே இருப்பதால் யாரும் அதை மதிப்பதில்லை. நானும் முதலில் பெட்டியில்தான் போட்டேன். 38இல் ஐஸ் பீம் கற்றுக்கொள்ளும், சஃபாரியில் கிடைக்கிற சர்ஃப் என்ற நீர்த் தாக்குதலையும் கொடு. ரைடானுக்கு சர்ஃப் நாலு மடங்கு. லான்ஸின் டிராகனைட்டுக்கு ஐஸ் பீம் நாலு மடங்கு. பிட்ஜியாட்டுக்கும் எக்ஸெக்யூட்டருக்கும் அதே ஐஸ் பீம் இரண்டு மடங்கு. ஒரே ஆள் இத்தனை கதவைத் திறக்கிறது.

பிளாஸ்டாய்ஸுக்கு மின்சாரம் வேண்டும். வளர்க்கப் பொறுமை இல்லை என்றால் பவர் பிளான்டுக்குப் போ, மின்சாரப் பறவை ஸாப்டாஸ் 50ஆம் லெவலிலேயே நிற்கிறது. ஒன்றே ஒன்றுதான், பேசுவதற்கு முன்னால் சேமித்துக்கொள். தண்டர்போல்ட் தாக்குதலைக் கற்றுத்தரும் டிஎம்மை ஏற்கெனவே வேறு எதற்காவது கொடுத்திருந்தாலும் கவலை இல்லை, 51இல் தண்டர் தானாகக் கற்கும், பத்தில் மூன்று தடவை குறி தவறும், ஆனால் பட்டால் பலமாகப் படும்.

முப்பதில் நிற்பவற்றை எப்படி வளர்ப்பது என்று அலுத்துக்கொண்டாய். அவற்றை முதலில் இறக்கி, உடனே சாரிசார்டுக்கு மாற்றினால் போதும், வரும் அனுபவம் இருவருக்கும் பாதிப் பாதி பிரியும். சாம்பியனிடம் தோற்றாலும் பணம்தான் பாதி போகும், வாங்கிய அனுபவம் அப்படியே இருக்கும், அதனால் அந்த நாலு தோல்வியும் வீண் இல்லை. ஒன்று மட்டும் கேள், ரேர் கேண்டியை அள்ளிக் கொடுத்து ஏற்றாதே. ஒவ்வொரு சண்டையிலும் வீழ்த்தியவற்றின் பலத்தில் ஒரு பங்கு நம் போக்கிமானுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துகொண்டே இருக்கிறது, மிட்டாயில் அது கிடையாது. மிட்டாயில் 50 ஆனதையும் சண்டை போட்டு 50 ஆனதையும் பக்கத்தில் வைத்து எண்களைப் பார், வித்தியாசம் தெரியும்.

என் அணியைச் சொல்லவே இல்லையே. வீனசார், டக்ட்ரியோ, ஜோல்டியான், லாப்ராஸ், ஸ்னார்லாக்ஸ், கடாப்ரா. கட், ஃப்ளை இரண்டையும் டக்ஸுக்குக் கொடுத்தேன், வெர்மிலியனில் ஸ்பியரோவைக் கொடுத்தால் வருமே அந்த ஃபார்ஃபெட்ச்டு. இந்த மாதிரி எச்எம் தாக்குதலை ஒரு தடவை கற்றால் மறக்க முடியாது, ஒரு போக்கிமானுக்கு நாலே தாக்குதலுக்குத்தான் இடம் என்னும்போது கட்டுக்கு ஒன்றைக் கொடுக்க எனக்கு மனசில்லை. டக்ட்ரியோவை டிக்லெட் குகையில் நேராகவே பிடித்தேன், அந்த இடத்துக்கு அது பெரிய லெவல், நில வகை என்பதால் வெர்மிலியன் ஜிம் தலைவன் சர்ஜின் மின்சாரம் எதுவும் அதைத் தொடவே இல்லை.

இந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது ஸ்பெஷல்தான். அடிப்பதற்கும் தாங்குவதற்கும் ஒரே எண். எந்தத் தாக்குதல் அட்டாக்கைப் பார்க்கும், எது ஸ்பெஷலைப் பார்க்கும் என்பதை அதன் வகைதான் முடிவு செய்கிறது, கையால் குத்துகிறதா வாயால் ஊதுகிறதா என்பது கணக்கிலேயே இல்லை. ஹிட்மான்சானின் நெருப்புக் குத்து, பனிக் குத்து, மின்சாரக் குத்து மூன்றும் அதனால்தான் ஏமாற்றமாக இருக்கின்றன, அவன் அட்டாக் பெரியது, ஆனால் அந்தக் குத்துகள் பார்ப்பது அவனுடைய சின்ன ஸ்பெஷலை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அணியிலிருந்த பாதிப் பேரின் தாக்குதல்களை மாற்றினேன்.

அப்படிப் பார்த்தால் சைக்கிக் வகைதான் இங்கே ராஜா. அவற்றின் ஸ்பெஷல் உயரம், அதனால் அடியும் பலம், தடுப்பும் பலம். அவற்றை எதிர்க்க வேண்டியது பூச்சி, ஆனால் பூச்சித் தாக்குதல்கள் மூன்றே மூன்று, எல்லாம் மெலிந்தவை. பேய் வகையான லிக் சைக்கிக்கிடம் பலிக்கவே பலிக்காது, அது நிரலில் நேர்ந்த பிழை, அப்படியே வெளியாகிவிட்டது. இங்கே இருக்கிற பேய்கள் எல்லாம் விஷமும் கலந்தவை வேறு, சைக்கிக்கைக் கண்டால் அவைதான் ஒடுங்கும். அந்த நால்வரில் ஒருத்தியான அகதாவின் ஐந்து பேருமே விஷ வகை. கடாப்ராவை வைத்துக்கொண்டு அவளை நான் கடந்த வேகம் எனக்கே ஆச்சரியம்.

ஆனால் கடாப்ரா கண்ணாடி மாதிரி. ஒரு நல்ல அடி விழுந்தால் போச்சு. சாம்பியனிடம் முதலில் பிட்ஜியாட் வந்தது, தண்டர் வேவ் போட்டு முடக்கிவிட்டு, அடி வாங்கும்போதெல்லாம் ரெகவரில் ஆறிக்கொண்டு எப்படியோ ஜெயித்தது. அடுத்து வந்தது அலகாசாம். அதே முகம், அதே மீசை, கையில் ஒன்றுக்கு இரண்டு கரண்டி, என்னுடையதைவிட வேகம். என் கடாப்ராவே வளர்ந்து எதிரில் நிற்கிற மாதிரி இருந்தது. ஸ்னார்லாக்ஸை இறக்கினேன், கப்பலில் எடுத்த பாடி ஸ்லாமால் அது அமுக்கிவிட்டது. கடைசியில் வந்தது யார் தெரியுமா? நான் பல்பசாரை எடுத்ததால், எதிரில் 65ஆம் லெவல் சாரிசார்டு. கொஞ்ச நேரம் பட்டனை அழுத்தாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் லாப்ராஸிடம் சர்ஃப் சொன்னேன்.

ஜெயித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. கடாப்ராவை இன்னும் ஏற்றினால் எப்போது அலகாசாம் ஆகும் என்று தேடினேன். லெவலால் ஆகாதாம், வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தால்தான் ஆகுமாம். மஷோக், கிராவலர், ஹான்டர் எல்லாம் அதே கதைதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்குப் பத்து வயதிருக்கும், ஒரு கேபிள் வேண்டும், இரண்டு கேம்பாயை இணைக்கிற கேபிள் என்று வாரக்கணக்கில் கேட்டாய். கேபிளை வைத்து யாரோடு இணைப்பாய், உன்னோடு ஆட யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. அதன் பிறகு கேட்கவும் இல்லை. உன் கடாப்ரா கடைசிவரைக்கும் கடாப்ராவாகவே இருந்தது.

இதை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவராம். கேம்பாயின் இணைப்புக் கேபிளைப் பார்த்தபோது, அதன் வழியாகப் பூச்சிகள் இங்கிருந்து அங்கே ஊர்ந்து போகிற மாதிரி அவருக்குத் தோன்றியதாம். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் முதலில் வந்தபோதே சிவப்பு, பச்சை என்று இரண்டாகத்தான் வந்தது, ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது. இரண்டு பேர் வேண்டும் என்று நினைத்தே செய்திருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு அது தெரியவில்லை கண்ணா. அது என் தப்பு.

கேபிள் வாங்கிவிட்டேன். இரண்டு முனையையும் துடைத்து உன் சிவப்பு கேட்ரிட்ஜோடு வைத்திருக்கிறேன். வரும்போது ப்ளூவையும் உன் கேம்பாயையும் மறக்காமல் எடுத்து வா. எந்த போக்கிமான் சென்டரானாலும் வலது பக்க மேசையில் நிற்கிற பெண்ணிடம் பேசினால் போதும். என்னிடம் க்ரவ்லித் இரண்டு இருக்கிறது, உன் ப்ளூவில் அது வராது, ஒன்றை நீ வைத்துக்கொள். எனக்கு ஒரு வல்பிக்ஸ் பிடித்து வை. கடாப்ராவை முதலில் உனக்கு அனுப்புகிறேன், உன் திரையில் அது மாறுவதை நீ பார், பார்த்த பிறகு திருப்பி அனுப்பு. அதற்குள் நீயும் ஒரு ஏப்ரா பிடித்து 16 தாண்டி வளர்த்திருந்தால், அதை என்னிடம் அனுப்பு, இங்கே மாற்றித் தருகிறேன். செருலியனுக்கு வடக்கே புல்லில் கிடைக்கும், பார்த்தவுடன் டெலிபோர்ட்டில் ஓடிவிடும், பலவீனப்படுத்த நினைக்காதே, முதல் நொடியிலேயே பந்தை எறி.

அன்புடன்,
அம்மா