ஸ்டாப் பலகையும் சைக்கிள் வில்லையும்

அன்புள்ள செல்விக்கு,

இங்கே நாங்கள் நலம். மழை வருவதை வானிலைக்காரர்களுக்கு முன்னால் அம்மாவின் முட்டி சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே?

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அலுத்துக்கொண்டது மனதிலேயே நிற்கிறது. வண்டிகளை நிற்கச் சொல்லும் ஒரு ஸ்டாப் பலகையைப் பத்தடி தள்ளி நடுவது பற்றி உன் ஆபீஸில் இரண்டு மணி நேரக் கூட்டம். அதில் ஒரு வயதான அம்மா எழுந்து, பலகை தன் ஜன்னலை மறைக்கிறது என்று இருபது நிமிடம் பேசினாராம். "இதுக்காப்பா நான் எம்.எஸ். படிச்சேன்?" என்று கேட்டாய். நான் சிரித்தேன், உனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குப் போனில் கோர்வையாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் அமெரிக்காவில் உன் ஊரான கிளீவ்லாந்துக்கு வந்தபோது யூக்ளிட் அவென்யூவும் கிழக்கு 105-ஆம் தெருவும் சேரும் முனைக்குக் கூட்டிப்போகச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? மே மாதத்திலும் நான் ஸ்வெட்டரோடு நின்றேன். "ஆஸ்பத்திரியை விட்டால் இங்கே என்னப்பா இருக்கு?" என்று நீ காருக்குள் இருந்தபடியே கேட்டாய். 1914 ஆகஸ்ட் 5 அன்று அந்த முனையில்தான் மின்சார சிக்னல் எரிந்தது. அமெரிக்காவிலேயே முதலாவது என்கிறார்கள். சால்ட் லேக் சிட்டிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது அவர்கள் பஞ்சாயத்து.

நாலு மூலைக்கும் கம்பம். சிவப்பும் பச்சையும் மட்டும்தான், மஞ்சள் கிடையாது. நிறம் மாறப்போகிறது என்று எச்சரிக்க ஒரு பஸ்ஸர் கத்தும். விளக்கு தானாக மாறாது. ஒரு கூண்டுக்குள் போலீஸ்காரர் உட்கார்ந்து, தெருவைப் பார்த்துப் பார்த்து சுவிட்சைத் திருப்ப வேண்டும். அவர் கை தவறினாலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தெருவுக்கும் சேர்ந்து பச்சை விழாதபடி வயரிங் செய்திருந்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். கூண்டில் இருப்பவனும் மனுஷன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்கும் கண் சொக்கும் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். அதுவும் உன் கூட்டம் மாதிரி ஒரு சலிப்பான கூட்டத்தில்தான் பேசப்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

அதற்கு முன்னால் அந்தத் தெரு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பார். டிராம், குதிரை வண்டி, சைக்கிள், நடந்து போகிறவர்கள், நடுவில் கார். சைக்கிள் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் விண்டன் தன் முதல் காரை விற்றது 1898-இல், உன் கிளீவ்லாந்தில்தான். 1900-இல் நாலு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவாக இருந்த ஊர் 1920-இல் எட்டு லட்சத்தை நெருங்கிவிட்டது. தெரு மட்டும் அதே அகலம். ஒரு குதிரை நாளுக்குப் பத்துக் கிலோ லத்தி போடும், அதை அள்ளுவது நகராட்சி வேலை. கார் வந்தால் அந்தத் தொல்லை ஒழியும் என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. ஆனால் குறுக்கே குழந்தை வந்தால் குதிரை மிரண்டாவது நிற்கும். கார் நிற்காது.

மேயர் டாம் ஜான்சன் கதை உனக்குத் தெரிந்திருக்கும். சிவப்பு விண்டன் காரில் ஓட்டுக் கேட்டுப் போனவர். தானே டிராம் கம்பெனி நடத்திச் சம்பாதித்துவிட்டு, 1901-இல் மேயரானதும் டிராம் கட்டணம் மூன்று சென்ட்தான் இருக்க வேண்டும் என்று அந்தக் கம்பெனிகளோடு வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றார். 1909 தேர்தலில் தோற்றும் போனார். மறு வருடம் மூன்று சென்ட் கட்டணம் வந்தது! அப்புறம் மேயரான நியூட்டன் பேக்கர் நகராட்சி மின்சாரத்தை யூனிட் மூன்று சென்ட்டுக்குக் கொடுத்தார். அவர்கள் பெயரைச் சொன்னால் இந்த மூன்று சென்ட்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

உன் ஊர்க்காரர் இன்னொருவர், காரெட் மார்கன். ஒரு காரும் குதிரை வண்டியும் மோதிக்கொண்டதைப் பார்த்தவர். நில், போ இரண்டுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் வண்டிகள் நின்று, நடப்பவர்கள் கடக்க இடம் விடும் சிக்னலுக்கு 1923-இல் காப்புரிமை வாங்கினார். அந்த நடுவில் கிடைக்கிற சில நொடிகளில்தான் உன் அம்மா உங்கள் ஊரில் ரோட்டைத் தாண்டினாள், என் கையைப் பிடித்துக்கொண்டு.

நான் நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சைக்கிளுக்கு வரி உண்டு. பணம் கட்டினால் ஒரு தகர வில்லை தருவோம். வில்லை இல்லாத சைக்கிளைத் தெருவில் நிறுத்திப் பிடிப்பார்கள். ஒரு பால்காரர் வில்லையைத் தொலைத்துவிட்டு, கேனைக் கீழே வைத்து என் மேஜை முன்னால் நின்றார். மறுபடி பணம் கட்டச் சொல்வதுதான் விதி. நான் பழைய ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி, அவர் கட்டியதைக் கண்டுபிடித்து, மனு எழுதி வாங்கி வேறு வில்லை கொடுத்தேன். அரை நாள் போயிற்று. மேலதிகாரி திட்டினார். நான் ரிட்டயர் ஆகும்வரை அந்த மனுஷன் என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்.

எல்லாம் அப்படி முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேகத்தடை கேட்டு நான் எழுதிய ஃபைல் பதினாலு மாதம் சுற்றியது. தீர்மானமும் நிறைவேறியது. கடைசியில் தடை போட்டது பள்ளிக்கூடத்துக்கு எதிரே இல்லை, செல்வாக்கான ஒருவர் வீட்டு வாசலில். எந்த ஊர் என்று உனக்குத் தெரியும். கூட்டத்தில் எழுந்து பேச ஒரு கிழவிகூட அன்றைக்கு இல்லை.

அம்மா சாம்பார் பொடி திரித்து வைத்திருக்கிறாள், எதிர்வீட்டுப் பையன் அடுத்த மாதம் வரும்போது கொடுத்தனுப்புகிறோம். கூட்டத்தில் பேசிய அந்த அம்மாவின் வீட்டுக்கு ஒரு தடவை போய், அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வா. பலகை நிஜமாகவே மறைக்கிறதா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா