அணை நீர்மட்டத்தைப் படமா போடாதீங்க, எழுத்தா போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்பத்துலருந்து எழுதுறேன். எங்க அப்பாவுக்கு இப்ப 74 வயசு. முப்பது வருசத்துக்கு மேல வண்டன்மேட்டு பக்கம் ஏலத்தோட்டத்துல கணக்குப்பிள்ளையா இருந்தவரு. விடியுறதுக்கு முன்னாடி ஜீப்ல ஏறி கம்பம் மெட்டுக்குப் போவாரு, கையில உங்க பேப்பர் இருக்கும். மெட்டு டீக்கடையில வண்டி நிக்கிற நேரத்துல தோட்டத்து ஆளுகளுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டுவாரு, மொதல்ல பெரியாறு அணை நீர்மட்டம், அடுத்து ஏலக்கா விலை, அதுக்கப்புறந்தான் அரசியல் எல்லாம்.

மூணு வருசமா அவருக்கு ரெண்டு கண்ணுலயும் நடுப்பார்வை போயிருச்சு. விழித்திரைக்கு நடுவுல இருக்குற பகுதி தேஞ்சு போச்சு, கண்ணாடி மாத்துனா சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஓரத்துல இருக்குறது தெரியும், நேரா பாக்குற எடம் மட்டும் புகை மூட்டம் மாதிரி. நடக்குறாரு, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுறாரு, எழுத்து மட்டும் புடிபடல. பேப்பர் போடுற பையன் போட்டுட்டுப் போறதை எடுத்து மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பாரு, அதைப் பாக்க எங்களால முடியல.

எர்ணாகுளத்துல வேலை பாக்குற தம்பி, மின்புத்தகம் படிக்கிற மெஷின், கிண்டில் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். அதுல தமிழ் புக்கு 2016 டிசம்பர்லருந்தே கிடைக்குது. எழுத்தைப் பெருசாக்குனா போதும்னுதான் நாங்க நெனச்சோம். ஆனா தமிழ் வார்த்தை நீளம், ரொம்ப பெருசாக்குனா ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தைதான் நிக்குது, படிக்கிறவருக்கு வாக்கியமே மறந்துருது. மெஷினைப் படுக்கை வாக்குல திருப்பி வச்சு, ஓரத்துல விடுற எடத்தைக் கொறச்சு, வரிக்கும் வரிக்கும் நடுவுல இடைவெளியைக் கூட்டுன பிறகுதான் சரிவந்துச்சு. இடைவெளி கம்மியா இருந்தா மேல் வரியில இருக்குற உகரக் கொக்கியும் கீழ் வரிப் புள்ளியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு க வா கு வான்னே தெரியாது. இன்னொண்ணு, வெள்ளைப் பக்கம் அவருக்குக் கூசுது, கருப்புப் பின்னணியில வெள்ளை எழுத்தா மாத்திக் குடுத்தோம். அது செட்டிங்ஸ்ல ஒரு தட்டுதான், ஆனா அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாம ரெண்டு மாசம் போயிருச்சு, அதை நெனச்சா இன்னும் எனக்கு மனசு கேக்கல.

அப்படியும் அரை மணி நேரத்துக்கு மேல கண்ணு அசந்துரும். வாசிச்சுக் காட்டுற வசதி எங்ககிட்ட இருக்குற கிண்டில்ல இங்கிலீசுக்கு ப்ளூடூத் இயர்போன் வழியா வேலை செய்யுது, தமிழுக்கு வரல. அதனால போனுக்குப் போனோம், உண்மையான மாத்தம் அங்கதான் நடந்துச்சு.

ஆண்ட்ராய்டு போன்ல கூகுளோட தமிழ்க் குரல் இருக்கு, காசு கெடயாது. வாய்ஸ் டேட்டாவை வீட்டு வைஃபைல ஒரு தடவை எறக்கி வச்சுட்டா நெட்டு இல்லாமலே வாசிக்கும், மெட்டுக்கு மேல டவர் கிடைக்காத எடத்துல கூட. இபப் புக்கை, அதாவது எழுத்தாவே இருக்குற மின்புத்தக ஃபைலைத் திறந்து சத்தமா வாசிக்கிற ஆப் நெறைய இருக்கு, எதை வேணா எடுத்துக்கலாம், கவனிக்க வேண்டியது குரலோட மொழி தமிழ்ல இருக்கான்னு. இங்கிலீஷ்ல விட்டுட்டா தமிழ் வரிகளைச் சத்தமில்லாம தாண்டிப் போயிரும், மெஷின் கெட்டுப்போச்சுன்னு நாம நெனச்சுக்குவோம். மொத நாள் அப்பா, "ஏத்தா, இந்தப் பொண்ணு மூச்சு விடாம படிக்குதே"ன்னாரு. வேகத்தைக் கொறச்சு வச்சேன். ஒரு மாசத்துல அவரே, இன்னும் கொஞ்சம் வெரசா படிக்கச் சொல்லுத்தான்னு கூட்டிக்கிட்டாரு, இப்ப அவரு கேக்குற வேகத்துக்கு என்னால கேக்க முடியாது. ராத்திரிக்கு அரை மணி நேரத்துல தானா நிக்கிற மாதிரி டைமர் வச்சிருக்கோம், இல்லன்னா தூங்குன பிறகும் ஓடிக்கிட்டே இருந்து காலையில விட்ட எடம் தெரியாது.

குரல்ல குறையும் இருக்கு, அதையும் சொல்லணும். பாவம்னு எழுதியிருந்தா அது பாவ புண்ணியத்துல வர்ற பாவமா, முகத்துல காட்டுற பாவமான்னு அதுக்குத் தெரியாது, தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதானே. கி.மீ., ரூ. மாதிரி சுருக்கி எழுதுன எடத்துல புள்ளியைப் பாத்து வாக்கியம் முடிஞ்சுருச்சுன்னு நின்னுரும். கேக்குறவரு ரெண்டு நாள்ல பழகிக்கிறாரு.

பெரிய பிரச்னை புக்குகள்லதான். நெட்டுல கிடைக்கிற தமிழ் பிடிஎஃப் நெறைய வெறும் போட்டோ, பக்கத்தை ஸ்கேன் பண்ணி ஒட்டுனது. கண்ணுக்கு எழுத்து மாதிரி தெரியும், மெஷினுக்கு அது படம், வாயே திறக்காது. அதை கூகுள் டிரைவ்ல ஏத்தி டாக்ஸ்ல திறந்தா எழுத்தா மாத்திக் குடுக்குது, ஒத்தைப் பத்தியில அச்சடிச்ச புக்குன்னா நல்லாவே வருது. ரெண்டு பத்தியா இருந்தா வரி மாறிப் போகுது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தி அச்சான புக்குல பழைய ணை, லை, றா எல்லாம் வந்து தடுமாறுது. இன்னொரு வகை, எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை வர்றதுக்கு முன்னாடி பழைய ஃபாண்ட்ல டைப் பண்ணது, அதை வாசிக்கச் சொன்னா இங்கிலீஷ் எழுத்தா தாறுமாறா கத்தும், மொதல்ல யூனிகோடுக்கு மாத்தணும்.

இதெல்லாம் வேண்டாம்னா ஒழுங்கா எழுத்தாவே கிடைக்கிற எடங்களுக்குப் போங்க. 1998ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல பழைய இலக்கியம் எல்லாம் சும்மா கிடைக்குது. 2013லருந்து ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் இப்ப எழுதுறவங்க புக்கை இபப்பாவே குடுக்குறாங்க. பார்வைக் குறைபாடு இருக்குறவங்களுக்காக 2016 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச சுகம்ய புஸ்தகாலயா ஆன்லைன் நூலகத்துல உறுப்பினராவும் சேரலாம். முழுசா பார்வை இல்லாதவங்களுக்கு மட்டுந்தான்னு எங்க தெருவுலயே நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, அப்படி இல்ல, அச்சடிச்ச புக்கை வழக்கம்போல படிக்க முடியாத எந்த ஊனம் இருந்தாலும் கேக்கலாம். ஒரு புக்கை இவங்களுக்குத் தோதா மாத்திக் குடுக்குறதுக்கு 2012லயே காப்புரிமைச் சட்டத்துல வழி பண்ணியாச்சு.

ஒரு விசயம் நாங்க எதிர்பாக்கவே இல்ல. அப்பாவுக்கு மலையாளம் நல்லா பேச வரும், தோட்டத்துல பேசிப் பேசி வந்தது, ஆனா ஒரு எழுத்து கூட படிக்கத் தெரியாது. மெட்டுக் கடையில மலையாளப் பேப்பர் தொங்கும், படத்தை மட்டும் பாத்துட்டு வந்துருவாராம். போன்ல மலையாளக் குரலையும் எறக்கிப் போட்டேன். இப்ப மலையாள நியூஸ் சைட்டைத் திறந்து வச்சா ஏலக்கா ஏலம் போன விலை, இடுக்கி மழை எல்லாம் காதுல கேட்டு எங்களுக்குச் சொல்றாரு. கண்ணு நல்லா இருந்த காலத்துல படிக்க முடியாத பேப்பரை 74 வயசுல படிக்கிறாரு.

ஆனா உங்க பேப்பரை அவரால படிக்க முடியல. நான் இந்த லெட்டர் எழுதுறதே அதுக்காகத்தான்.

உங்க இ-பேப்பர் சந்தா ஒரு வருசத்துக்குக் கட்டியிருக்கோம். திறந்தா பக்கம் முழுசும் படம். போன்ல டாக்பேக்கை, அதாவது தொடுற எடத்துல இருக்குறதை வாசிச்சுச் சொல்ற வசதியை, ஆன் பண்ணித் தொட்டா "படம்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நிக்குது. பெருசாக்கிப் பாத்தா பத்தி ஸ்க்ரீனை விட்டு வெளிய ஓடுது, வரிக்கு வரி இழுத்து இழுத்துப் படிக்கணும், நடுப்பார்வை இல்லாதவருக்கு அது ஆகுற காரியமா? வெப்சைட்ல எழுத்தா இருக்கு, அது வாசிக்குது, ஒத்துக்குறேன். ஆனா ஒரு செய்திக்குள்ள நாலு விளம்பரம் குறுக்க வந்து குரல் அங்க போய் மாட்டிக்குது, "மேலும் படிக்க"ன்னு பத்து எடத்துல சொல்லுது, எதைப் படிக்கன்னு சொல்லல. தேனி மாவட்டப் பக்கத்துல வர்ற சின்னச் சின்ன செய்தி எதுவும் வெப்சைட்டுக்கு வர்றதில்ல, இ-பேப்பர்ல மட்டுந்தான் இருக்கு. அணை நிலவரம் கட்டம் போட்ட படமா வருது. பெரியாறு 142 அடியில எத்தனை அடி நிக்குது, வைகை 71 அடிக்கு எவ்வளவு இருக்கு, விநாடிக்கு எத்தனை கனஅடி வருது, இந்த நாலு நம்பருக்காக அப்பா தினமும் காலையில என்னையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூப்புட வேண்டியிருக்கு. கூப்புடுறதுக்கு அவரு சங்கடப்படுறாரு, பாதி நாள் கேக்காமலே விட்டுர்றாரு.

நீங்க டைப் பண்ணிதான அச்சுக்கே அனுப்புறீங்க. அந்த எழுத்தையே விளம்பரம் இல்லாம ஒரு தனிப் பக்கமா, தலைப்பைத் தலைப்புன்னு குறிச்சு, யூனிகோடுல தினம் போட்டா போதும், இல்லன்னா இபப்பா ஒரு ஃபைல். குரலோட இருக்குறவங்க தலைப்பு தலைப்பா தாவிப் போய் வேணுங்கிறதை மட்டும் கேட்டுக்குவாங்க. போட்டோ போடுற எடத்துல அதுல யாரு இருக்காங்க, எங்க எடுத்ததுன்னு ஒரு வரி எழுதுங்க. படிக்கிற எதுவும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டணும்னு 2016 சட்டம் அரசாங்கத்தைப் பாத்துச் சொல்லுது, நான் சட்டத்தைக் காட்டி உங்ககிட்ட கேக்கல, அம்பது வருசமா உங்க பேப்பர் படிச்சவருக்காகக் கேக்குறேன்.

எல்லாப் பதிப்பும் ஒரே நாள்ல முடியாதுன்னா தேனி மாவட்டப் பக்கத்தை மட்டும், அதுவும் முடியலன்னா அணை நிலவரத்தையும் ஏலக்கா விலையையும் மட்டும் எழுத்தா போட்டு ஆரம்பிங்க. எது சரியா வாசிக்குது, எந்த எடத்துல குரல் நிக்குதுன்னு அப்பாவும் நானும் ஒரு வாரம் கேட்டு எழுதி அனுப்புறோம். காலை ஆறு மணிக்கு அவரு போனோட திண்ணையில உக்காந்திருப்பாரு.

இப்படிக்கு,
வாசகி,
கம்பம், தேனி மாவட்டம்.